துவர்க்கிறதா, கசக்கிறதா?

சிலிம் ரிவர் சாலையோர டுரியான் கடையில் "எப்படி இருக்கு?" என்று கேட்டால், நம் பிள்ளைகள் "சேடாப்" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். சுளையில் இனிப்போடு இளங்கசப்பும் இருக்கிறதே!

ஒயினைப் பற்றித் தெளிவாகப் பேசுவதற்காக, கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆன் நோபல் என்ற ஆய்வாளர் 1984இல் பழம், பூ, மசாலா என மணங்களை வகைபிரித்து ஒரு சக்கரமே உருவாக்கினார். சிவப்பு ஒயினில் நாவை இறுக்குவது டானின். எச்சிலில் உள்ள புரதத்தோடு அது சேரும்போது வாய் வறண்டதுபோல் ஆகிறது. கடுந்தேநீரிலும் வாழைப்பூவிலும் அதே உணர்வுதான். அறுசுவையில் அதற்கு எப்போதோ பெயர் வைத்துவிட்டோம்: துவர்ப்பு.

அடுத்த முறை வாழைப்பூ சமைத்தால், "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், "துவர்க்குதா, கசக்குதா?" என்று கேளுங்கள். தோட்டத்துப் பாட்டிக்குத் தெரிந்த சொல் பேரனிடமும் இருக்கட்டும்.