மருந்துக்கும் உண்டு தேர்வு



கார்த்திகைத் தீபம் நெருங்கும் நாட்களில் நம் திருவண்ணாமலையில் மழையும் குளிரும் சேர்ந்தே வரும். வகுப்பில் பலருக்கு மூக்கடைப்பு, சிலருக்குக் காதுவலி. "எண்ணெயைக் காய்ச்சிக் காதில் ஊற்று" என்பார் ஒருவர். "போன வருடம் மீந்த சொட்டு மருந்து இருக்கிறது, விட்டுக்கொள்" என்பார் மற்றொருவர். நாமும் யோசியாமல் விட்டுக்கொள்வோம். ஆனால் ஒரு மருந்து செவியையும் மூக்கையும் என்ன செய்கிறது என்று அறிய அறிஞர்கள் எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள் தெரியுமா? நாம் ஆண்டுதோறும் தேர்வு எழுதுவதைப் போல மருந்துகளும் தேர்வு எழுதுகின்றன. அந்த வரலாற்றைச் சிறிது காண்போம்.

முதலில் செவியின் அமைப்பை அறிவோம். உட்செவியில் நத்தைக்கூடு போலச் சுருண்ட உறுப்பு ஒன்று உள்ளது. அதனுள் ஏறத்தாழ 15,000 நுண்மயிர்ச் செல்கள் இருக்கின்றன. கோயில் மணியோசையையும் ஆசிரியையின் குரலையும் மின் குறிப்புகளாக்கி மூளைக்கு அனுப்புபவை இவையே. அருகிலுள்ள அரைவட்டக் குழல்கள் நாம் தடுமாறாமல் நடக்க உதவுகின்றன. மனிதர்க்கு இந்த நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1943-ஆம் ஆண்டு அமெரிக்காவில் செல்மன் வாக்ஸ்மன் என்னும் அறிஞரின் ஆய்வகத்தில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். கினிப் பன்றிகளுக்குக் காசநோயை உண்டாக்கி இம்மருந்தைக் கொடுத்தபோது நோய் அடங்கியது. ஆனால் மனிதர்க்குக் கொடுத்தபோது சிலர், "தலை சுற்றுகிறது, இருட்டில் நடக்க முடியவில்லை" என்றார்கள். மருந்து உட்செவியைத் தாக்கியிருந்தது!

அப்படியானால் மருந்தை ஒதுக்கிவிடலாமா? அதற்கு விடை காண வேண்டுமானால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் நடந்து 1948-இல் வெளியான ஆராய்ச்சியில், நோயாளிகள் சீட்டுக் குலுக்கிப் போடுவதைப் போல இரு பிரிவாக்கப்பட்டனர். மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்தில் 4 பேர் இறந்தனர். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர் இறந்தனர். உயிரைக் காப்பதும் அதே மருந்து. செவியைக் கெடுப்பதும் அதே மருந்து. இம்மருந்தைச் சிறிது மாற்றி டைஹைட்ரோஸ்ட்ரெப்டோமைசின் என்று ஒன்றைச் செய்தார்கள். தலைச்சுற்றல் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். அதுவோ பலரைச் செவிடாக்கியது, இறுதியில் கைவிடப்பட்டது. நல்லெண்ணம் மட்டும் போதாது, சோதனையும் வேண்டும் என்பதற்கு இது சான்று.

இத்துறையில் நம் தமிழ்நாட்டுக்கும் பெருமை உண்டு. 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் (நம் மாவட்டத்துச் சேத்துப்பட்டு அன்று!) காசநோய் மருந்து ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். வாரம் இருமுறை மட்டும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் ஐசோனியாசிட் மாத்திரையும் கொடுத்தால் போதுமா என்று அங்கே ஆராய்ந்தார்கள். 1964-இல் வெளியான முடிவு, நாள்தோறும் மாத்திரை உண்டவர்களுக்குக் குறையாத பலன் கிடைத்ததைக் காட்டியது. உடலில் சேரும் ஊசி மருந்து ஏற ஏறச் செவிக்கு அபாயமும் ஏறும். ஆகவே குறைந்த ஊசிகளாலும் நோய் தீரும் என்ற செய்தி செவிக்கும் நல்ல செய்தியே.

சிலருக்கு மட்டும் சிறிதளவு ஊசியிலேயே செவி கெடுவது ஏன்? தாய்வழியாகப் பிள்ளைகளுக்கு வரும் ஒரு மரபணு மாற்றமே சில குடும்பங்களில் இதற்குக் காரணம் என்பது 1993-இல் தெரியவந்தது. 2018-இல், மருந்துக்கு அடங்காத காசநோய்க்குத் தரப்பட்ட கேனமைசின் போன்ற ஊசிகளைத் தவிர்க்குமாறு உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது.

அதே 2018-இல் மகிழ்ச்சியான இன்னொரு செய்தியும் வந்தது. புற்றுநோய்க்குத் தரும் சிஸ்பிளாட்டின் என்ற மருந்தும் செவியைக் கெடுப்பது. கல்லீரல் புற்றுநோயுற்ற குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு, சிஸ்பிளாட்டின் தந்த 6 மணி நேரம் கழித்துச் சோடியம் தயோசல்பேட் ஏற்றினார்கள். நம் வேதியியல் ஆய்வகத்துப் புட்டியில் இருக்கும் அதே உப்புத்தான்! அதைப் பெறாத குழந்தைகளில் நூற்றுக்கு 63 பேருக்குக் கேட்கும் திறன் குறைந்தது. பெற்றவர்களில் 33 பேருக்கே குறைந்தது.

மூக்கின் கதையும் இத்தகையதே. மூக்கடைப்புக்கு விடும் சைலோமெட்டசோலின் போன்ற சொட்டு மருந்துகள் மூக்கினுள் உள்ள இரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. மூச்சு உடனே விடுபடுகிறது. ஆனால் நாள்கணக்காக விட்டால், மருந்தின் வேகம் தணிந்ததும் உட்சவ்வு முன்னிலும் அதிகமாக வீங்குகிறது. மீண்டும் சொட்டு, மீண்டும் அடைப்பு! மருந்தே நோயாகிவிடுகிறது. ஆகவேதான் சில நாட்களுக்கு மேல் அதை விடக்கூடாது என்கிறார்கள் மருத்துவர்கள்.

தோழியரே, தலை சுற்றுகிறது என்று வாய்திறந்து சொன்ன அந்த நோயாளிகளால்தான் இவ்வளவும் தெரியவந்தது. நாமும் சொல்லப் பழகுவோம். ஊசியோ மாத்திரையோ எடுக்கும்போது காதில் இரைச்சல், மந்தம், தள்ளாட்டம் ஏதேனும் தோன்றினால், "சும்மா இருக்கும்" என்று மறைக்காமல் அன்றே பெற்றோரிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள். நாமாகவே மருந்தை நிறுத்தவும் கூடாது. அது நோயை முற்றச் செய்யும். காய்ச்சிய எண்ணெய் காதைச் சுட்டுவிடும். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் சில சொட்டு மருந்துகள் உட்செவி வரை சென்று கேடு செய்யலாம். பிறர்க்கு எழுதித் தந்த மருந்து நமக்கு வேண்டாம்.

வள்ளுவர் கேள்விக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். கேட்பதற்குச் செவி வேண்டுமே! அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதை உணர்ந்து, இறைவன் தந்த செவிச் செல்வத்தைப் பேணிக் காப்போமாக.