பொம்மைகள் பேசும் பெரியவர் பேச்சு

பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்து முடித்த கையோடு நியூயார்க்கில் வாடகைக்கு வீடு தேடி வருகிறான் பிரின்ஸ்டன். கையில் காசில்லை, வேலையும் இல்லை. அவென்யூ ஏ-யில் ஆரம்பித்து ஒவ்வொரு தெருவாகப் பார்க்கிறான். எல்லா இடத்திலும் வாடகை எகிறுகிறது. கடைசியில் அவனுக்குக் கட்டுப்படியாவது அவென்யூ க்யூ. மன்ஹாட்டனில் ஏ, பி, சி, டி என்று நான்கு அவென்யூக்கள்தான் உண்டு என்பது தெரிந்த உள்ளூர்க்காரர்கள் இங்கேயே சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். பிரின்ஸ்டனுக்கு இன்னொரு குறையும் உண்டு. இடுப்புக்குக் கீழே உடம்பு கிடையாது. அவன் ஒரு பொம்மை.

‘அவென்யூ க்யூ’ இசை நாடகம் 2003 ஜூலையில் பிராட்வேயின் ஜான் கோல்டன் தியேட்டருக்கு வந்தது. பாட்டும் இசையும் ராபர்ட் லோபஸ், ஜெஃப் மார்க்ஸ். கதை வசனம் ஜெஃப் விட்டி. பார்த்ததுமே அமெரிக்கர்களுக்கு ‘செசமி ஸ்ட்ரீட்’ ஞாபகம் வந்துவிடும். 1969 முதல் அங்கே தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளுக்கு எழுத்தும் எண்ணும் சொல்லித்தரும் தொலைக்காட்சி நிகழ்ச்சி அது. அதே மாதிரி ஒரு தெரு, அதே மாதிரி மனிதர்களும் பொம்மைகளும் அக்கம்பக்கத்தில் குடியிருப்பது, நடுநடுவே பாடம் நடத்தும் குட்டி அனிமேஷன் படங்கள்கூட அப்படியே. அந்த நிகழ்ச்சியின் நிறுவனத்துக்கும் இந்த நாடகத்துக்கும் சம்பந்தமில்லை என்று அறிவிப்பே போட்டார்கள். போடாமல் முடியுமா? இங்கே பொம்மைகள் குடிக்கின்றன, கெட்ட வார்த்தை பேசுகின்றன, கட்டிலில் புரள்கின்றன.

இதை வெறும் பகடி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. நீ தனிப்பிறவி, நினைத்ததெல்லாம் நடக்கும் என்று பொம்மைகள் சொல்லக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு நாடகம் வந்தபோது இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது. வேலை போய்விட்டால் வாடகைக்கு என்ன செய்வது, காதலி நெருங்கி வரும்போது ஏன் பயம் வருகிறது, அடுத்தவன் சறுக்கினால் நமக்குள்ளே ஏன் ஒரு குஷி — இதற்கெல்லாம் எந்தப் பொம்மையும் பாடம் எடுக்கவில்லை. விட்டுப்போன அந்தப் பாடங்களைத்தான் ‘அவென்யூ க்யூ’ நடத்துகிறது. அதே துள்ளல் மெட்டில், அதே மழலைக் குரலில். குழந்தைப் பாட்டு மாதிரி தொடங்கும், இரண்டாவது வரியில் ஆபாசமோ அவமானமோ வந்து விழும். அரங்கில் வெடிக்கிற சிரிப்பில் பாதி, ‘நம்ம சங்கதி இவனுக்கு எப்படித் தெரிந்தது’ என்கிற சிரிப்பு.

பொம்மையை ஆட்டும் விதம்தான் இந்த நாடகத்தில் என்னைக் கட்டிப்போட்டது. தொலைக்காட்சியில் கலைஞர்கள் கேமராவுக்குக் கீழே ஒளிந்துகொண்டு, கையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டுவார்கள். இங்கே சாம்பல் நிற உடையில் பொம்மைக்குப் பக்கத்திலேயே முழு உருவமாக நிற்கிறார்கள், பாடுகிறார்கள், நடக்கிறார்கள். பொம்மைகளை வடிவமைத்த ரிக் லயன், நடித்த ஜான் டார்டாலியா, ஸ்டெஃபனி டாப்ரூசோ எல்லோரும் ‘செசமி ஸ்ட்ரீட்’டில் வேலை பார்த்தவர்கள்தான். முதல் பத்து நிமிடம் நம் கண் பொம்மைக்கும் ஆளுக்கும் நடுவே அல்லாடும். பிறகு எப்போது என்று தெரியாமல் பொம்மையிடம் போய் ஒட்டிக்கொள்ளும்.

டார்டாலியா ஒருவரே பிரின்ஸ்டன், ராட் என்ற இரண்டு பொம்மைகளுக்கும் குரல். இரண்டும் ஒரே காட்சியில் வந்தால்? ஒரு பொம்மையை இன்னொரு கலைஞர் வாங்கிக்கொள்வார். வாய் அசைவது அவர் கையில், குரல் வருவது மேடையின் வேறு மூலையிலிருந்து. வாயசைப்பு கொஞ்சமும் பிசகாது. நிக்கி, ட்ரெக்கி மான்ஸ்டர் போன்ற பெரிய பொம்மைகளுக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வாயையும் இடது கையையும் பார்த்துக்கொள்ள, மற்றவர் வலது கையை மட்டும் கவனிப்பார். ட்ரெக்கி இன்டர்நெட்டில் எதைப் பார்த்துப் பொழுதுபோக்குகிறது என்பதற்கு ஒரு முழுப் பாட்டே இருக்கிறது. விவரம் வேண்டாம், இது வீட்டில் எல்லோரும் படிப்பது.

2004 ஜூனில் பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருது விழா. எதிரே நின்றது 1 கோடியே 40 லட்சம் டாலரில் தயாரான ‘விக்கட்’. சிறந்த இசை நாடகம் அதுதான் என்று ஊரே முடிவுகட்டியிருந்தது. அந்தச் செலவில் கால்வாசியில் எடுத்த இந்தப் பொம்மை நாடகம் சிறந்த இசை நாடகம், பாடல்-இசை, கதை வசனம் மூன்றையும் அள்ளிக்கொண்டு போனது. பிராட்வேயில் மட்டும் 2,534 காட்சிகள். 2009-ல் அங்கே திரை விழுந்ததும், அடுத்த மாதமே ‘நியூ வேர்ல்ட் ஸ்டேஜஸ்’ என்ற சிறிய அரங்குக்கு மாறி, 2019 மே வரை ஓடியது. லோபஸ் பிற்பாடு மனைவி கிறிஸ்டன் ஆண்டர்சன் லோபஸுடன் சேர்ந்து டிஸ்னியின் ‘ஃப்ரோஸன்’ படத்துக்குப் பாட்டெழுதி ஆஸ்கர் வாங்கினார். வீட்டுக்கு வீடு குழந்தைகள் தொண்டை கட்டும்வரை பாடிய அந்தப் பாட்டை எழுதியவரே ட்ரெக்கிக்கும் பாட்டெழுதியவர் என்பது எத்தனை பெற்றோருக்குத் தெரியுமோ!

எல்லாமே இன்றைக்கும் செல்லுபடியாகிறது என்று சொல்ல மாட்டேன். எல்லோருக்குள்ளும் கொஞ்சம் இனவெறி உண்டு என்று சொல்லும் பாட்டு அன்றைக்குத் துணிச்சல். இன்று கேட்டால், ‘எல்லோரும்தானே’ என்று தப்பித்துக்கொள்ள வழிவிடுவது போலப் படுகிறது. கிறிஸ்மஸ் ஈவ் என்ற ஜப்பானியப் பெண்ணின் உடைந்த ஆங்கிலத்தை வைத்துச் செய்யும் கிண்டலும் அப்படித்தான். குடியிருப்பின் மேற்பார்வையாளராக வருபவர் கேரி கோல்மன். குழந்தை நட்சத்திரமாகக் கொடிகட்டிப் பறந்து, 1999-ல் திவாலான நிஜ நடிகர். மேடையில் அவராக நடித்தது ஒரு பெண். 2010-ல் கோல்மன் இறந்த பிறகும் பாத்திரத்தை எடுக்கவில்லை. அந்த நகைச்சுவை எனக்குத் தொண்டையில் சிக்குகிறது.

எதுவும் நிலைக்காது என்று சொல்லும் கடைசிப் பாட்டில் அப்போதைய அதிபர் ஜார்ஜ் புஷ் பெயர் வரும், அரங்கம் கைதட்டும். புஷ் பதவியை விட்டுப் போனதும் அந்த இடத்தில் வேறு வேறு பெயர்களை வைத்துப் பாட வேண்டிவந்தது.

இப்போது இதற்குப் பள்ளிக்கூடப் பதிப்பு ஒன்றும் இருக்கிறது. கெட்ட வார்த்தைகளைக் களைந்து, ஒரு கிழவியின் விவகாரமான பெயரை மாற்றி, மாணவர்கள் நடிக்கத் தோதாகத் திருத்தியது. அதில் ட்ரெக்கி பழைய பாட்டைப் பாடுவதில்லை. தன் சமூக வாழ்க்கை முழுக்க ஆன்லைனில்தான் என்று பாடுகிறது. கையில் ட்ரெக்கியை மாட்டிக்கொண்டு பாடுகிற பதினாறு வயதுப் பையனுக்கு மூலப்பாட்டு எது என்று தெரியாமலா இருக்கும்?