தண்ணீர் ஊற்ற ஊற்றப் பூக்க மறுக்கும் காகிதப்பூ: காரணம் என்ன?

மாசி முதல் வைகாசி வரை எந்த ஊர் நர்சரிக்குப் போனாலும் முதலில் கண்ணைப் பறிப்பது காகிதப்பூதான். ராணி கலர், ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை என நிறத்துக்கு ஒரு தொட்டி வாங்கி மொட்டைமாடியில் வரிசை கட்டுவோர் ஏராளம். ஆனால், வாங்கி வந்த பூக்கள் உதிர்ந்ததும் பல வீடுகளில் கேட்பது ஒரே புலம்பல்தான்: "தினமும் தண்ணி ஊத்துறோம், உரம் போடுறோம். இலை மட்டும் மதமதன்னு வருது, ஒரு பூகூட இல்லையே!"

சிக்கலே அந்தத் தண்ணீரிலும் உரத்திலும்தான் இருக்கிறது.

பூ எது?

நாம் பூ என்று ரசிக்கும் வண்ண மடல்கள் பூவே அல்ல. நிறம் மாறிய இலைகள். தாவரவியலில் இவற்றுக்குப் பூவடிச் செதில் என்று பெயர். மடலை விலக்கிப் பார்த்தால் உள்ளே சின்னக் குழல்போல் வெளிறி நிற்கிறதே, அதுதான் பூ. மூன்று மடலுக்கு மூன்று பூ. அடுக்கு ரகத்தில் பெரும்பாலும் அந்தக் குழலும் கிடையாது, எல்லாமே மடல்தான். அந்த மடல்கள் லேசில் உதிராமல் செடியிலேயே காய்ந்து தொங்கும் என்பதால், கத்தரிக்கோலுக்கு வேலை அதிகம்.

ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் சிவப்பைத் தருவது ஆந்தோசயனின். காகிதப்பூவில் இருப்பதோ பீட்ரூட்டுக்கு நிறம் கொடுக்கும் பெட்டாலைன். குடும்ப உறவில் இது நம்ம வீட்டு அந்திமந்தாரைக்குப் பங்காளி.

பூர்வீகம் தென் அமெரிக்கா. 1767-ல் ரியோ டி ஜெனிரோவில் இதைச் சேகரித்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் கொமெர்சோன், தன் கப்பல் பயணத்தின் தலைவரான பூகன்வில்லின் பெயரையே சூட்டினார். அவருக்கு உதவியாளராக வந்த ழான் பாரே, ஆண் வேடமிட்டுக் கப்பலேறிய பெண். செடிக்குப் பெயர் கிடைத்தது என்னவோ தலைவருக்குத்தான்.

ஒரே செடியில் வெள்ளையும் ராணி கலரும் காட்டும் 'மேரி பாமர்' ரகம், கொல்கத்தாவில் ஒரு செடியின் கிளையில் தானாக நேர்ந்த மாற்றத்தால் கிடைத்தது. இப்படிப்பட்ட ரகங்களை விதை போட்டுப் பெற முடியாது. போத்து நட வேண்டும், அல்லது பதியம், ஒட்டு. இரண்டு நிறமும் உள்ள கிளையாகப் பார்த்து எடுப்பது நல்லது.

காயப்போட்டால் ஏன் பூக்கிறது?

ஈரமும் தழைச்சத்தும் தாராளமாகக் கிடைக்கும்வரை செடி இலையையும் கொடியையும்தான் வளர்க்கும். மழைக்காலம் முடிந்து மண் காய்ந்ததும் அந்த வளர்ச்சி மட்டுப்பட்டு, சக்தி பூப்பதற்குத் திரும்புகிறது. தொட்டியிலும் இதையே செய்யலாம். மேல்மண் நன்றாகக் காய்ந்து, இளந்தளிர் லேசாகத் துவளும்போது, அடித்துளை வழியே வழியும்வரை ஊற்ற வேண்டும். தினமும் ஒரு சொம்பு என்பது சரிப்படாது. ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் தேவை. பால்கனி நிழலில் எந்த வித்தையும் பலிக்காது.

இதற்காகச் செடியை வதைக்கவும் கூடாது. சித்திரை வெயிலில் சிறிய தொட்டி ஒரே நாளில் வறண்டுவிடும். மொட்டு தெரிந்த பிறகும் காயவிட்டால் மடல்கள் கொட்டிவிடும்.

பலரும் செடியைப் பறிகொடுப்பது இன்னோர் இடத்தில். வேர் அழுகினாலும் இலை வாடும். "வாடிப்போச்சே" என்று அவசரமாக இன்னொரு வாளி ஊற்றினால் கதை முடிந்தது. முதலில் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் தண்ணீர் வேண்டாம். அடித்துளை அடைத்திருக்கிறதா, தட்டில் நீர் தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

பூக்கள் புதுத் துளிரில்தான் வரும். ஆகவே ஒரு சுற்றுப் பூத்து ஓய்ந்ததும் கவாத்து செய்யலாம். மொட்டு வைக்கும் நேரத்தில் கத்தரியைத் தொடக் கூடாது. வேர்கள் மெல்லியவை என்பதால், தொட்டி மாற்றும்போது மண்கட்டியை உடைக்காமல் அப்படியே இறக்குங்கள். நர்சரியிலிருந்து பூவோடு வாங்கி வந்த செடியை அந்த வாரமே மாற்ற வேண்டாம். முதல் சுற்று உதிர்ந்து முடியட்டும்.