ஒளியின் ஒருவழிப் பிரயாணம்

ஒளி விநாடிக்குச் சுமார் மூன்று லட்சம் கிலோமீட்டர் செல்கிறது என்பதை இன்று பள்ளிச் சிறுவர்களும் அறிவார்கள். ஆனால், ஓரிடத்தில் புறப்பட்ட ஒளி மற்றோரிடம் போய்ச் சேர எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதை, யாதோர் உடன்பாட்டையும் முன்கூட்டி வைத்துக்கொள்ளாமல் எவரும் அளந்ததில்லை என்றால் பலர் வியப்படையக்கூடும். இது கருவிகளின் குறையென்று எண்ண வேண்டாம். விஷயத்தின் தன்மையே அத்தகையது.

1849-ம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி பீஸோ, பாரிஸ் நகரை அடுத்த சுரேன் என்னுமிடத்தில், 720 பற்கள் கொண்ட சக்கரம் ஒன்றைச் சுழலவிட்டு, அதன் பல்லிடை வழியே ஒளியைச் செலுத்தினார். 8,633 மீட்டருக்கு அப்பால் மோன்மார்த்ர் குன்றில் வைத்திருந்த கண்ணாடியில் பட்டு அது திரும்பி வந்தது. சக்கரம் மெதுவாகச் சுழன்றபோது, திரும்பிய ஒளி அதே இடைவெளியில் தெரிந்தது. விநாடிக்கு 12.6 சுற்று என்ற வேகம் வந்ததும் ஒளி மறைந்தது. அது போய் வருவதற்குள் இடைவெளி இருந்த இடத்துக்கு அடுத்த பல் வந்து மறைத்துவிட்டது! அந்த நேரம், விநாடியில் ஏறக்குறைய 18,000-ல் ஒரு பங்கு. அதைக்கொண்டு கணக்கிட்ட வேகம் இன்றைய அளவைவிடச் சற்றே அதிகம். 1926-ல் அமெரிக்காவின் மவுண்ட் வில்ஸனில் மைக்கல்ஸன் செய்த நுட்பமான அளவையிலும் ஒளி போய்த் திரும்பியே வந்தது.

காலை 7 மணிக்குச் சந்தைக்குப் புறப்பட்டவர் 9 மணிக்கு வீடு திரும்பினார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக் கடிகாரம், மொத்தம் இரண்டு மணி நேரம் என்று சொல்லும். போவதற்கு எவ்வளவு, வருவதற்கு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. பீஸோவின் சக்கரமும் அந்த வீட்டுக் கடிகாரத்தைப் போன்றதே.

“அக்கரையிலும் ஒரு கடிகாரம் வைத்தால் போயிற்று!” என்று வாசகர் கூறலாம். நல்ல யோசனைதான். ஆனால் அவ்விரண்டும் ஒரே நேரம் காட்டுகின்றன என்பதை எங்ஙனம் அறிவது? ஒளியையோ ரேடியோவையோ கொண்டு செய்தி அனுப்பினால், அது வழியில் எடுத்துக்கொண்ட நேரத்தைச் சேர்க்க வேண்டும். அதுவோ நாம் கண்டுபிடிக்க விரும்பும் விஷயமே! பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான்.

இரண்டையும் ஓரிடத்தில் சரிசெய்து, ஒன்றை எடுத்துச் சென்றாலோ? ஓடும் கடிகாரத்தின் காலக்கணக்கு மாறுகிறது. 1971-ல் ஹாபீல், கீட்டிங் என்னும் இருவர் அணுக் கடிகாரங்களை விமானத்தில் உலகைச் சுற்றிக் கொண்டுசென்று இதைக் கண்டார்கள். மிக மெதுவாக எடுத்துச் சென்றால் மாறுதல் அற்பமாகுமே எனலாம். அப்போதும், செல்லும் திசை கடிகாரத்தைப் பாதிப்பதில்லை என்று முன்னதாகவே ஒப்புக்கொண்டவர்களாகிறோம்.

1905-ல் ஐன்ஸ்டீன் இந்த முடிச்சை அவிழ்க்க முயலாமல், இது முடிச்சுத்தான் என்று பகிரங்கமாகச் சொன்னார். ஒளி போகும் நேரமும் வரும் நேரமும் சமம் என்று வைத்துக்கொண்டு கடிகாரங்களைச் சரிசெய்வோம். தூரத்து இடங்களில் ‘ஒரே நேரம்’ என்பதற்கு அதுவே பொருளாகட்டும் என்றார். இந்த ஏற்பாட்டால் எந்தப் பரிசோதனையிலும் முரண்பாடு நேரவில்லை. 1983 முதல் ஒளியின் வேகம் விநாடிக்கு 29,97,92,458 மீட்டர் என்று நிர்ணயித்து, மீட்டர் அளவையே அதிலிருந்து பெறுகிறார்கள்.

இதனால் விஞ்ஞானத்துக்கு இழுக்கில்லை. அளந்து அறிந்தது எது, உடன்பட்டு ஏற்றது எது என்று பிரித்துச் சொல்லும் நேர்மையே அதன் பலம். நம் குழந்தைகள் ஒளியின் வேகத்தை மனனம் செய்யும்போது, அளக்கப்பட்டது போய்த் திரும்பும் வேகமே என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுப்போமாக.