இடது கை கோபுலு

வலது கையைப் பாக்கெட்ல விட்டுட்டு, இடது கையால ஒரு முகம் வரைஞ்சு பாருங்க. எனக்கு உருளைக்கிழங்குதான் வந்துச்சு.

ஓவியர் கோபுலு முதுமையில் இதைச் செய்தார். 1924-ல் தஞ்சாவூரில் பிறந்து, சென்னைக்கு வந்து, ஆனந்த விகடனில் ‘தில்லானா மோகனாம்பாள்’, ‘வாஷிங்டனில் திருமணம்’ தொடர்களுக்குப் படம் போட்டவர். ஒரு வார்த்தைகூட இல்லாத ஜோக்குகளும் அவர் ஸ்பெஷல். பிறகு பக்கவாதம் வந்து வலது கை முடங்கியது.

வலது கையை இயக்குவது மூளையின் இடது பாதி. அங்கே அடி விழுந்தால், பல வருஷம் பழகின கைவாகு போயிடும். ஆனா எந்தக் கோடு வேணும், எதை விடணும்னு தெரிஞ்ச கண் அவருக்கு அப்படியே இருந்தது. அந்தக் கண்ணை வெச்சே இடது கையைப் பழக்கி, திரும்ப வரைந்தார். (நமக்கு ஒரு அரியர் எழுதவே அலுப்பு!) 2015-ல், 90 வயதில் சென்னையில் காலமானார்.

தாத்தா வீட்டுப் பரண்ல ‘வாஷிங்டனில் திருமணம்’ பைண்டிங் இருந்தா எடுங்க. கதையை அப்புறம் படிக்கலாம், முதல்ல அந்த மாமிகளோட முகங்களைப் பாருங்க.