வண்டியின் எடை

வெளிநாட்டு வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்த பிறகு, கல்முனை, சாய்ந்தமருது வீதிகளில் சின்ன எஸ்.யூ.வி.கள் பெருகிவிட்டன. சின்னக் காரான வெகன்ஆர் சுமார் 800 கிலோ. எஸ்.யூ.வி.யான வெசல் ஹைபிரிட் 1,250 கிலோவைத் தாண்டும். இந்த வித்தியாசத்தைக் கால்தான் முதலில் உணரும்.

பஸாரில் ஓட்டோவுக்கு நின்று, மாட்டுக்கு நின்று, மறுபடி எடுக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த எடையை உருட்டப் பெற்றோல் வேண்டும். பிரேக் பிடிக்கும்போது ஹைபிரிட் கொஞ்சத்தை பற்றரிக்குத் திருப்பிக் கொடுக்கும், முழுவதையும் அல்ல.

குடும்பத்தோடு கொழும்பு போய்த் திரும்புகிறீர்களா? ஐந்து பேரும் பொதிகளும் ஏறினால் இன்னும் 350 கிலோ சேரலாம். திரும்பும் வழியில், பெரகலையிலிருந்து வெல்லவாய வரை இறங்கும் நீண்ட வளைவுப் பாதையில் இந்தப் பாரம் பிரேக்கில்தான் விழும். காலை எடுக்காமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறி, பிடிப்புக் குறையும். கருகிய வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். இறக்கம் தொடங்கும் முன்பே குறைந்த கியருக்கு மாறுங்கள். சில ஹைபிரிட்களில் அதற்கு 'பி' (B) என்ற நிலை உண்டு.

வேகத்தையும் பாருங்கள். மணிக்கு 40 கிலோமீற்றரிலிருந்து 60க்குப் போனால், பிரேக் அடக்க வேண்டிய சக்தி இரண்டேகால் மடங்காகிறது.

டயர் காற்றின் அளவு சாரதிக் கதவோரத்தில் ஒட்டியிருக்கும். முழுப் பாரத்துக்குத் தனி அளவு போட்டிருந்தால், புறப்படும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அந்த அளவுக்கு அடித்துக்கொள்ளுங்கள்.