அருந்ததிக்குப் பக்கத்தில் ஓர் இரட்டை நட்சத்திரம்

கோப்பாயில் கலியாணம் என்றால், ஐயர் மணமக்களை வெளியே கூட்டிவந்து வானத்தைக் காட்டி, "அருந்ததியைப் பாருங்கோ" என்பார். பெரும்பாலும் அது பட்டப்பகலாக இருக்கும். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கித் தலையாட்டிவிட்டு இருவரும் உள்ளே போய்விடுவார்கள்.

உண்மையில் பார்க்க விரும்பினால் சித்திரை, வைகாசி மாதங்களில் இரவு 9 மணிபோல வடக்கே பாருங்கள். ஏழு முனிவர் கூட்டத்தின் வாலில் நடுவே இருப்பது வசிட்டர். அதை ஒட்டி மங்கலாகத் தெரிவது அருந்ததி. இரண்டும் சுமார் 80 ஒளியாண்டு தூரத்தில் உள்ளன.

தொலைநோக்கியில் வசிட்டரே இரண்டாகப் பிரிந்து தெரியும். அவற்றில் பிரகாசமானதும் தனி நட்சத்திரம் அல்ல. அதன் நிறமாலைக் கோடுகள் இரண்டிரண்டாகப் பிரிந்து சேர்வதைக் கொண்டு, அது ஓர் இரட்டை என்று ஹாவார்ட் வான் ஆய்வகத்தின் எட்வர்ட் பிக்கரிங் 1889இல் அறிவித்தார். அந்த இரண்டும் ஒன்றையொன்று சுற்ற 20.5 நாட்கள் ஆகின்றன. பாதை நீள்வட்டம்: விலகி நிற்கும்போதுள்ள இடைவெளி, நெருங்கும்போதுள்ளதைவிட மூன்று மடங்குக்கும் அதிகம்.

இந்தப் பாதை ஏன் வட்டமாகவில்லை?

கடல்நீரேரிக் கரையில் வாழும் எங்களுக்கு வற்றும் பெருக்கும் தெரியும். சந்திரனின் ஈர்ப்பு பூமியின் கிட்டிய பக்கத்தைக் கூடவும் எட்டிய பக்கத்தைக் குறைவாகவும் இழுப்பதால் அது வருகிறது. இரட்டை நட்சத்திரங்களிலும் இதேதான் நடக்கிறது. நெருங்கும்போது இரண்டும் புடைக்கின்றன, விலகும்போது தளர்கின்றன. கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் சூடேறுவதுபோல, உள்ளே உராய்வு வெப்பம் பிறக்கிறது. அந்தச் சக்தி பாதையிலிருந்தே போகிறது. நீள்வட்டம் மெல்ல மெல்ல வட்டமாகிறது. வட்டத்தில் இடைவெளி மாறாது, புடைப்பும் மாறாது, வளைத்து நிமிர்த்தும் வேலை ஓய்ந்துவிடும்.

ஆனால் இடைவெளி இரட்டித்தால் இந்த விசை எட்டில் ஒன்றாகிவிடும். வட்டமாவதற்கு எடுக்கும் காலமோ, சூரியன் போன்ற நட்சத்திரங்களில், கோட்பாட்டின்படி இருநூறு மடங்குக்கும் மேலாகும். ஆகவே கிட்ட இருக்கும் சோடிகள் முதலில் வட்டமாகும். எட்ட இருப்பவை காத்திருக்க வேண்டும்.

இதைச் சோதிக்க நட்சத்திரக் கொத்துகள் உதவுகின்றன. ஒரு கொத்தில் எல்லாம் ஒரே வயதுக்காரர். மீபோம், மத்தியூ ஆகியோர் 2005இல் வெளியிட்ட கணக்கில், நூறு மில்லியன் ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடிய வயதுள்ள கார்த்திகைக் கொத்தில் சுமார் 7 நாள் சோடிகள் வரை வட்டமாகியிருந்தன. சுமார் நான்கு பில்லியன் ஆண்டு வயதான எம்67 கொத்தில் அந்த எல்லை சுமார் 12 நாள். வயது கூடக் கூட எல்லை தள்ளிப்போகிறது. ஆனால் கார்த்திகையைவிட மூத்த, ரோகிணிக்குப் பின்னால் தெரியும் கொத்தில் அது சுமார் 3 நாள்தான். இந்த மணிக்கூடு இன்னும் சரியாகத் திருத்தப்படவில்லை.

வசிட்டரின் சோடிக்கோ 20.5 நாள். சூரியனைவிடச் சூடான இந்த நட்சத்திரங்களின் வெளிப்பகுதி சூரியனுடையதைப்போலக் கொதித்துப் புரள்வதில்லை, உராய்வும் குறைவு. பிறந்து சில நூறு மில்லியன் ஆண்டுகள் ஆகியும் பாதை நீள்வட்டமாகவே இருக்கிறது.

அந்த வயது எப்படித் தெரியும்? வசிட்டர், அருந்ததி உட்பட ஏழு முனிவர் கூட்டத்தில் பலர் ஒரே இடத்தில் பிறந்தவர்கள். அந்தக் கொத்து பின்னர் கலைந்து வானமெங்கும் சிதறிவிட்டது. ஆனாலும் அவை இன்றும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஒரே திசையில் போகின்றன. வானியலாளர்கள் அவற்றின் சொந்தத்தைக் கண்டுபிடித்தது அப்படித்தான்.